மேகமூட்டத்துக்குக் காரணமான பெட்டி

வானிலை அலுவலகம் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்று தீர்மானமானபோது யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. அந்த வருஷம் எல்லா அலுவலகங்களும் கூரையில் சோலார் தகடு போட்டுக்கொண்டிருந்தன. பத்திரப் பதிவு அலுவலகம் போட்டாயிற்று. குடிநீர் வாரியம் போட்டாயிற்று. பகலிலும் விளக்கு எரியும் ஆவணக் காப்பகம்கூடப் போட்டாயிற்று. வெயிலையே தொழிலாக வைத்திருக்கும் நாம் மட்டும் பின்தங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று இயக்குநர் கேட்டார். நாலு பேர் நினைப்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை கிடையாது.

தகடுகள் வந்தன, பாட்டரிகள் வந்தன. இரண்டுக்கும் நடுவில் சுவரில் மாட்டும் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற பெட்டியும் வந்தது. தகட்டில் பிறக்கும் மின்சாரத்தைப் பதமாகப் பாட்டரிக்குள் அனுப்புவது அதன் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. திறப்பு விழா அன்று பச்சை எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் கூரையில் பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து சிவப்பு.

பலகை அழகானதுதான். ‘இவ்வலுவலகம் முற்றிலும் சூரிய ஒளியால் இயங்குகிறது’ என்று ஆள் உயர எழுத்து. பக்கத்தில், சூரியனைப் பார்த்துச் சிரிக்கும் இயக்குநரின் படம். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தகடுகளுக்கு முன்னால், தெருவைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். வெயிலும் தெருப் பக்கத்திலிருந்துதான் வந்தது. காலையில் தகடுகளின்மேல் படுத்த நிழல், சாயங்காலம்வரை புரண்டு புரண்டு அங்கேயே படுத்திருந்தது.

இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கை எழுத்தருக்கும் தெரியும். தினமும் ‘வானம் தெளிவாக இருக்கும்’, ‘லேசான தூறலுக்கு வாய்ப்புண்டு’ என்று எழுதி வானொலிக்கு அனுப்புகிறவர் அவர். தற்காலிகப் பணியில் சேர்ந்து தலை நரைத்துவிட்டது. அவரை நிரந்தரமாக்கும் காகிதம் இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. இயக்குநரின் படத்தைக் கழற்றச் சொல்கிற ஆள் தானாக இருக்கக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அவருடைய தொழிலில் அவர் தெளிவாக இருந்த ஒரே விஷயம் அதுதான்.

கோளாறு கண்டறியும் குழு ஒன்று அமைந்தது. தலைவர் இயக்குநர். உறுப்பினர், எந்நேரமும் கழுத்தில் அளவுமானியைத் தொங்கவிட்டிருக்கும் மின்பணியாளர். அலுவலகத்தில் அவர் பெயர் மீட்டர். செயலாளர் அறிக்கை எழுத்தர். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை மீட்டர் உரக்கப் படித்தார்.

“சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் தகட்டின் மேல் வெயில் படுகிறதா என்று பார்க்கவும்...”

“நிறுத்துங்க,” என்றார் இயக்குநர். “இது வானிலை அலுவலகம். இங்க வெயில் படுதான்னு சந்தேகப்படறதே ஒழுங்கீனம். அடுத்த வரிக்குப் போங்க.”

அடுத்த வரிக்குப் போனார்கள். பாட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினார்கள். நன்றாக இருந்த ஃபியூஸைக் கழற்றி வேறு நல்ல ஃபியூஸ் போட்டார்கள். திருகுகளை முறுக்கினார்கள். மொத்தத்தையும் பிரித்து, புத்தகம் சொன்னபடி முதலில் பாட்டரியையும் பிறகு தகட்டையும் இணைத்தார்கள். சிவப்பு, சிவப்பாகவே இருந்தது.

“பெட்டிதான் சரியில்லை,” என்றார் இயக்குநர். புதுப் பெட்டி வந்தது. சிவப்பு. வேறொரு கம்பெனியிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. அதுவும் சிவப்பு.

மூன்றாவது பெட்டியின் முன்னால் இயக்குநர் நெடுநேரம் நின்றார். மீட்டர் கூரையைப் பார்த்தார். எழுத்தர் தன் செருப்பைப் பார்த்தார்.

“மூணு பெட்டியும் என்ன சொல்லுது?” என்று இயக்குநர் கேட்டார்.

“வெயில் வரலைன்னு சொல்லுது சார்,” என்றார் மீட்டர்.

“ஒரு பெட்டி பொய் சொல்லலாம். மூணும் சேர்ந்து சொல்லுமா? ஒவ்வொண்ணுக்கும் உத்தரவாத அட்டை இருக்கு. சூரியனுக்கு இருக்கா?”

“இல்லை சார்.”

“அப்ப யாரை நம்பறது?”

அன்றைய அறிக்கையில் எழுத்தர் எழுதினார்: ‘வானம் மேகமூட்டத்துடன் காணப்படும். வெயிலுக்கு வாய்ப்பில்லை.’ எழுதும்போது நெற்றி வியர்வை சொட்டி ‘வாய்ப்பில்லை’ கொஞ்சம் கலங்கிவிட்டது. அதன்மேலேயே திருத்தி எழுதினார்.

வீட்டில்தான் சிக்கல். எழுத்தரின் மனைவி சலவைக்கூடம் வைத்திருந்தாள். வாடகைக்கு எடுத்த மொட்டை மாடி, நீள நீளமாகக் கொடிக் கம்பிகள், கீழே தேய்ப்பு மேஜை. குடும்பம் நடந்தது அதில்தான். எழுத்தரின் சம்பளம் அவர் தினமும் அலுவலகம் போய்வரச் சரியாக இருந்தது.

“என்னங்க,” என்றாள் அவள். “ரேடியோல மேகமூட்டம்னு வாசிச்சாங்களே, யார் எழுதினது?”

“நான்தான்.”

“எதைப் பார்த்து எழுதினீங்க?”

“பெட்டியைப் பார்த்து.”

“பக்கத்துல ஜன்னல் இல்லையா?”

“இருக்கு. ஜன்னலுக்கு உத்தரவாத அட்டை இல்லை.”

அவள் கொடியிலிருந்து ஒரு துவாலையை உருவி அவர் மடியில் போட்டாள். சுட்டது.

“இது எதுல காஞ்சது? சொல்லுங்க.”

எழுத்தர் துவாலையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, “மேகமூட்டத்துல,” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவருக்குப் புரியவில்லை.

அறிக்கை தினமும் போனது. ஊர் அதை நம்பியது. அண்ணாந்து பார்த்தால் கண் கூசியது. ரேடியோ கேட்டால் கூசவில்லை. முதலில் குடைக் கடைக்காரர் விழித்துக்கொண்டார். பிறகு சாம்பல் நிறத் துணி மோஸ்தராயிற்று. மேகமூட்ட நாளில் பளிச்சென்று உடுத்துவது நாகரிகமில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கம்பளிச் சட்டைக்குள் வெந்துகொண்டே ‘குளிர்க் காத்தாயிருக்கு’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

சலவைக்கூடத்துக்குத் துணி வருவது நின்றது. மூட்டை மூட்டையாக விரிப்பு அனுப்புகிற விடுதி மேலாளர் நேரிலேயே வந்தார்.

“மேகமூட்டத்துல துணி காயாதும்மா. ஈர வாடை அடிக்கும். வெயில் வந்ததும் சொல்லி அனுப்பறேன்,” என்றார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

“இப்ப எதைத் துடைக்கிறீங்க சார்?”

“ஈரக் காத்தும்மா,” என்றார் மேலாளர்.

அவர் போனதும் அவள் கணவனிடம் வந்தாள். “கூடத்தை மூடறதா, உங்க பேனாவை மூடறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

எழுத்தர் மறுநாள் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு இயக்குநரின் அறைக்குள் போனார். அறைக்குச் சூரிய மின்விசிறிதான் என்று ஏற்பாடு. அது அசையாமல் தொங்கியது. இயக்குநர் ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார். எழுத்தருடைய நிரந்தரப் பணிக் காகிதம் அது.

“வாங்க. உங்க விஷயமாத்தான் நல்லவிதமா யோசிச்சிட்டிருக்கேன். நீங்க என்னவோ சொல்ல வந்தீங்க?”

“புழுக்கமா இருக்குன்னு சொல்ல வந்தேன் சார்.”

“மேகமூட்டம்னா புழுக்கம் இருக்கத்தானே செய்யும்.”

“ஆமா சார்,” என்று சொல்லிவிட்டு எழுத்தர் திரும்பினார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போய்ச் சேர்ந்தபோது சலவைக்கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. ‘இங்கு துணிகள் மேகமூட்டத்தில் மட்டுமே உலர்த்தப்படும்.’ அதன் கீழே, சாட்சிக்கு, அன்றைய வானிலை அறிக்கையைப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

“என்ன இது?”

“அன்னிக்கு நீங்க சொன்னதுதான்,” என்றாள் மனைவி. “நீங்க எழுதறதை மாத்த மாட்டீங்க. நான் விக்கிறதை மாத்திக்கிட்டேன்.”

முதலில் வந்தவள் வக்கீலின் மனைவி. அவளுக்கு விளக்கம் கிடைத்தது. “வெயில் துணியோட உயிரை உறிஞ்சிடுதும்மா. மேகம் அப்படி இல்லை, தடவிக் கொடுத்துக் காய வைக்கும்.” வக்கீலின் மனைவி ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்தாள். சூட்டில் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, “ஆமாம், தொட்டாலே வித்தியாசம் தெரியுது,” என்றாள்.

அவள் நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேர் நினைப்பதைத் தவிர வேறு கவலையில்லாதவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். விடுதி மேலாளர் பழைய விரிப்புகளோடு திரைச்சீலைகளையும் சேர்த்து அனுப்பினார். இயக்குநர் வீட்டுத் தலையணை உறைகளும் வந்தன. மாடி போதாமல் பக்கத்து மாடியையும் எடுத்தார்கள். இரண்டு மாடியிலும் வெயில் தகதகவென்று எரிந்தது. கூலிக்கு வந்த பெண்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து மேகத்தில் துணி உலர்த்தினார்கள். எழுத்தருக்கு வீட்டில் மறுபடியும் மரியாதை வந்தது.

அப்படியிருக்கையில் ஒரு சாயங்காலம் காற்று அடித்தது. அறிக்கையில் காற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெட்டியில் காற்றுக்கு விளக்கு கிடையாது. கூரையிலிருந்த பலகை தெருப் பக்கமாகக் குப்புற விழுந்தது. இயக்குநரின் படம் முதல்முறையாகச் சூரியனுக்கு முதுகைக் காட்டியது.

காலையில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மின்விசிறி தானாகச் சுற்றி, மேஜைக் காகிதங்கள் அறை முழுக்கப் பறந்தன. இயக்குநரின் முகம் வெளுத்தது.

“யார் சரி பண்ணினது?”

“யாரும் பண்ணலை சார். தானாவே பச்சையாயிடுச்சு,” என்றார் மீட்டர்.

“யாரும் பண்ணாம சரியாச்சுன்னா, அதுதான்யா கோளாறு. இத்தனை நாள் மேகமூட்டம், இன்னிக்குத் திடீர்னு வெயிலா? ஊர்ல என்ன நினைப்பாங்க?”

எழுத்தர் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினார். மனசு பஞ்சாகியிருந்தது. இனி கண்ணில் படுவதை அப்படியே எழுதலாம். மனைவியும் பழையபடி வெயிலில் காய்ந்த துணியை வெயிலில் காய்ந்த துணி என்று சொல்லியே கொடுக்கலாம். மூச்சு வாங்க, பலகை விழுந்த விஷயத்தைச் சொன்னார்.

அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுற்றிலும் மலைபோல் துணி.

“வெயில்னு எழுதப் போறீங்களா?”

“அதுதானே உண்மை?”

“உண்மைதான். அதை எழுதி யார் துணியைக் காய வைக்கப் போறீங்க?” என்றாள். பிறகு, அடுக்கியிருந்த சாமானுக்குப் பின்னால் கையை விட்டு, கொடி கட்ட வாங்கிய பருமனான கயிற்றுச் சுருளை இழுத்துப் போட்டாள். “பலகை பெரிசா? இது தாங்குமா?”

இருவரும் அலுவலகக் கூரைக்கு ஏறியபோது அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. இயக்குநர் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மீட்டர் இன்னொரு முனை. குடைக் கடைக்காரர் தானாகவே வந்து இயக்குநருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. எழுத்தரின் மனைவி மட்டும், “அந்தப் பக்கம் தணியுது பாருங்க, நல்லாத் தூக்குங்க சார்,” என்று இயக்குநரை அதட்டினாள். இயக்குநர் தூக்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. பலகை நிமிர்ந்தது, நிழல் தகடுகளின்மேல் போய்ப் படுத்தது. கீழே பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மீட்டர் தன் குறிப்பில் எழுதினார்: ‘கோளாறு நீங்கியது.’

“உங்க காகிதத்துல இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். எங்க பறந்துச்சுன்னு பார்த்து எடுத்துட்டு வாங்க,” என்றார் இயக்குநர், மூச்சு வாங்கியபடி.

எழுத்தர் அறிக்கையை எழுத உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் நின்று முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள், காகிதத்தில் சொட்டிவிடக் கூடாது என்று.

“நாளைக்குத் துணி எவ்வளவு வருது?” என்று அவர் கேட்டார்.

“நிறைய வருது.”

“அப்ப அடர்ந்த மேகம்னே போட்டுடறேன்.”