கிள்ளினால் நிற்கும் பேய்

ஆம்பூரே வேதாசலத்தின் இரண்டு விரல்களைப் பற்றித்தான் பேசியது. பேயோட்டி அவர். புறங்கையைக் கிள்ளுவார். கிள்ளிய தோல் படியாமல் மடிப்பாகவே நின்றால், உள்ளே பேய் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்! தோலைத் தடவியே சரக்கின் தரம் சொல்லுகிற ஊருக்கு இதைவிட நம்பகமான சாஸ்திரம் வேண்டுமா? வண்டி வண்டியாக வந்தார்கள். அதிசயம் பாருங்கள், பேய்களுக்குக் கிழடுகள் மேல்தான் அத்தனை ஆசை.

தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்தே தலை நரைத்த ரத்தினசாமியையும் பேய் விடவில்லை. அக்கினி வெயிலில் வயிற்றுப்போக்குக் கண்டு படுத்தவர், பெண்டாட்டி பூவம்மாளையே "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டார். வேதாசலம் வந்து கிள்ளினார். தோல் நின்றது.

"தண்ணி காட்டாதே. உப்பு காட்டாதே. பேய் தானா காஞ்சி ஓடிடும்" என்று உத்தரவு போட்டுவிட்டு, அந்த வீட்டு நீர்மோரை ஒரு செம்பு அண்ணாந்து குடித்தார். ஓட்டுகிறவருக்குத் தாகம் எடுக்கலாம் போலிருக்கிறது.

மறுநாள் வேதாசலம் மறுபடி வந்து பார்த்தபோது ரத்தினசாமிக்கு முனகக்கூடத் தெம்பில்லை. "பேய் அடங்குது!" என்று கூட்டம் குதூகலித்தது. பூவம்மாள் மட்டும் அழுதாள். பேய் போனால் போதுமா, புருஷன் இருக்க வேண்டாமா?

அந்த நேரம் பார்த்து லீவில் வந்திருந்த அடுத்த வீட்டு அன்னம்மாள் உள்ளே நுழைந்தாள். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ரத்தினசாமியின் நாக்கைப் பார்த்தாள். வறண்டு வெடித்திருந்தது. அவளுக்கு வந்ததே கோபம்!

"கையக் குடுங்க சாமி."

கும்பிடப் போகிறாள் என்று நினைத்து வேதாசலம் நீட்டினார். கிள்ளினாள். அறுபதைத் தாண்டிய தோல், அப்படியே நின்றது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"இன்னா சாமி, உங்களுக்குள்ளயும் பேயா?"

"அது... வயசும்மா!"

"வயசானா யாருக்கும் தோல் நிக்கும். இவரு நாக்கப் பாருங்க. பேதியில தண்ணியும் உப்பும் போய்ட்டுது, அதான் நெனப்பு தடுமாறுது. பெரியம்மா, கஞ்சித்தண்ணியில உப்பு போட்டு எடுத்துனு வா."

தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். முழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, கரண்டி கரண்டியாக விடியும்வரை புகட்டினார்கள். வேதாசலம் எப்போது கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

காலையில் ரத்தினசாமி கண் திறந்தார். "பூவு, ஊட்ல மோர் இருக்குதா?"

"பேயோட்டியே குடிச்சிட்டாருய்யா!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

இனிமேல் வீட்டுப் பெரியவர் உளறினால், முதலில் ஒரு வாய் உப்புக் கஞ்சி கொடுத்துப் பாருங்கள் ஐயா. பேயாக இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும். மனிதராக இருந்தால் பிழைத்துக்கொள்வார்.