நாலாம் நம்பர் கால்வாய்

முதலில் சத்தம்தான் வந்தது. தலைக்கு மேலே யாரோ தகரத்தை 'டங் டங்'கென்று தட்டிப் பார்க்கிற சத்தம். அப்புறம் 'சர்ர்ர்' என்று அளவு நாடா ஒன்று சுருண்டு டப்பாவுக்குள் ஓடியது.

பதிவுக்காரர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார். சுவரில் ஏணி. ஏணியின் உச்சியில் ஓர் ஆள். அடியில், அதை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவருடைய மனைவி.

"யாரு இது?"

"தகரக்கடைக்காரர். கூரைக் கால்வாயை அளக்க வந்திருக்கார். இலை விழாம இருக்க மேலே வலை போடப்போறோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? வாரா வாரம் ஏறி ரெண்டரை மணி நேரம் இலை அள்ளுறீங்களே! வயசு அம்பத்து மூணு ஆச்சு. பார்க்கவே எனக்குப் பாவமா இருக்கு."

பாவம் என்றதும் பதிவுக்காரர் உஷாரானார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துப் பாவப்பட்டது இரண்டே தடவை. முதல் தடவை அவருடைய ஸ்கூட்டர் போனது. இரண்டாவது தடவை மீசை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடிதண்ணீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்குவது அவர் வேலை. தண்ணீர் வரவில்லை என்று பாதிப் பேர். வந்த தண்ணீர் நிற்கவில்லை என்று மீதிப் பேர். ஆறு நாளும் ஊர் மொத்தமும் அவர் காதுக்குள் உட்கார்ந்து கத்தும். எல்லோருக்கும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "பதிவு பண்ணிட்டேங்க." அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

ஏழாவது நாள் கூரைக்கு ஏறுவார். வீட்டின் முன்பக்கம் ஓடு, அதன் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரக் கால்வாய். பக்கத்து வீட்டு மரம் தன் இலையையெல்லாம் அதில்தான் கொட்டும். அள்ளிப்போடப் பத்து நிமிஷம் போதும். மீதி இரண்டு மணி இருபது நிமிஷம், பின்பக்க மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், கோணியை விரித்துச் சும்மா படுத்திருப்பார். சும்மா என்றால் அப்படியொரு சும்மா. வானத்தைப் பார்ப்பார். வானம் புகார் சொல்லாது. அந்த மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, ஏணிதான் வழி. கீழேயிருந்து யார் கூப்பிட்டாலும் அங்கே காதில் விழாது. திங்கள் முதல் சனி வரை அந்த இரண்டு மணி இருபது நிமிஷத்தை நினைத்துத்தான் மனிதர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

வலை வந்தால் இலை இல்லை. இலை இல்லையென்றால் ஏற ஒரு காரணம் இல்லை.

தகரக்கடைக்காரர் இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். "மூணு வகை இருக்கும்மா. பிளாஸ்டிக் வலை, எவர்சில்வர் கம்பி வலை, இல்லேன்னா கால்வாய்க்குள்ளேயே அடைக்கிற ஸ்பாஞ்சு. எதைப் போடட்டும்?"

"அவசரப்படக் கூடாது," என்று குறுக்கே பாய்ந்தார் பதிவுக்காரர். "மூணுலயும் ஒவ்வொரு துண்டு போடுவோம். ரெண்டு வாரம் போகட்டும். மழை வரட்டும். சோதிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

சோதனை என்ற சொல்லை அவர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. மனைவி பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். பத்தொன்பது வருஷமாகக் குப்பி கழுவுகிறவள், சீட்டு ஒட்டுகிறவள், செய்யாத சோதனைக்கு முடிவு எழுதுகிற பிள்ளைகளை மூக்கைப் பார்த்தே பிடிக்கிறவள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல யோசனைங்க! ஆனா கால்வாயை நாலாப் பிரிப்போம். மூணுல மூணு வகை. நாலாவது திறந்தே கிடக்கட்டும்."

"அது எதுக்கு தண்டமா?"

"ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணுமில்ல?"

"சரி, பதிவு பண்ணிட்டேன்," என்றார். அலுவலகத்தில் எந்த அழகில் பதிவு செய்வாரோ, அதே அழகில்தான் இதையும் செய்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீட்டு ஒட்டியாயிற்று. இரண்டாம் வாரம் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காற்றோடு மழை. சனிக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அவருக்கு அரை நாள்தான். மத்தியானம் பூனைபோல ஏறிப் பார்த்தார். பார்த்ததும் பகீரென்றது.

பிளாஸ்டிக் வலைக்கு அடியில் ஓர் இலை இல்லை. கம்பி வலைக்கு அடியில் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிப் பளபளப்பு. ஸ்பாஞ்சுகூட யோக்கியமாக நடந்துகொண்டிருந்தது. விட்டால் மூன்றுமே முதல் பரிசு வாங்கிவிடும்போல.

பதிவுக்காரர் காரியத்தில் இறங்கினார். வலைகளைக் கழற்றினார். கைக்கு எட்டிய தூரத்தில், நாலாம் நம்பரில், ஈர இலை குவிந்து கிடந்தது. அதை அள்ளி அள்ளி மூன்றிலும் அடைத்தார். கொக்கிகளைப் பழையபடி மாட்டினார். இவ்வளவு கருத்தாக அவர் அலுவலகத்தில் உழைத்திருந்தால் ஊரில் ஒரு குழாய்கூட ஒழுகியிருக்காது.

மறுநாள் காலை மனைவி நோட்டுப்புத்தகத்தோடு ஏணியில் ஏறினாள். கீழே தகரக்கடைக்காரரும் பதிவுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு, பிளாஸ்டிக். அடியில ஒரே இலை."

"அடடா!" என்றார் பதிவுக்காரர்.

"ரெண்டு, கம்பி வலை. அய்யய்யோ, இதுலயும்."

தகரக்கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. "இருக்காதும்மா! அதுல எறும்பே யோசிச்சுத்தான் நுழையும்!"

"மூணு, ஸ்பாஞ்சு. தூக்கினா கீழே மெத்தை மாதிரி இலை."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் பதிவுக்காரர். குரலில் தியாகம் வழிந்தது. "மனுஷன் கைக்கு ஈடா எதுவும் வராது. கஷ்டம்தான். என்ன பண்றது, நானே ஏறிக்கிறேன்."

"இருங்க, நாலு பாக்கி இருக்கே."

மேலே பக்கம் புரட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

"நாலு, மூடாதது. இலையே இல்லை."

பதிவுக்காரரின் பக்கம் மட்டும் ஏணி நடுங்கியது.

அவள் நிதானமாக இறங்கினாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "முடிவு தெளிவா இருக்குங்க. மூடின இடத்துல இலை போகுது. திறந்த இடத்துல போகமாட்டேங்குது. அந்த மரத்துக்குப் பூட்டின வீட்டுல நுழையறதுதான் பிடிக்கும்போல. அண்ணே, எல்லா வலையையும் கழட்டிடுங்க. திறந்தே கிடக்கட்டும், இலையே விழாது. இவரும் இனிமே ஏற வேண்டாம். இந்த ஏணியை உங்க கடைக்கே தூக்கிட்டுப் போயிடுங்க."

தகரக்கடைக்காரர் ஏணியைத் தோளில் போட்டார். பதிவுக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் இழுக்க, இவர் இழுக்க, ஏணி வாசலில் முன்னும் பின்னும் போய் வந்தது.

"விடுங்க சார்!"

"நான்தான் அடைச்சேன்!" என்று கத்திவிட்டார் பதிவுக்காரர்.

"எதை?" என்றாள் மனைவி.

"இலையை. நாலுலேருந்து அள்ளி மூணுலயும்."

"பதிவு பண்ணிட்டேன்," என்றாள் அவள். "எதுக்கு அடைச்சீங்க?"

அவர் ஏணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேலே யாரும் பேசமாட்டாங்க. அதான்." சொல்லி முடித்ததும் அந்தக் காரணம் அவருக்கே ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அவள் நோட்டை மூடினாள். "இதைச் சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? தெருமுனையிலேருந்து பார்த்தாலே தொட்டி ஓரத்துல உங்க ரெண்டு பாதமும் தெரியும். ஏழு வருஷமாத் தெரியும். ரெண்டரை மணி நேரம் இலை அள்ளுறதுக்கு அது என்ன காடா?" தகரக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மொத்தமும் கம்பி வலையே போட்டுடுங்க. இனிமே இலையைச் சொல்லி யாரும் ஏற வேண்டாம். சும்மா படுக்கணும்னா, சும்மா படுக்கப்போறேன்னு சொல்லிட்டு ஏறட்டும்."

பதிவுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. உள்ளே ஓடிக் கோணியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் தகரக்கடைக்காரர் ஏணியைப் பழையபடி சுவரில் சாத்தியிருந்தார். மனைவி அதன் நாலாவது படியில் நின்றாள். கக்கத்தில் ஒரு கதைப்புத்தகம்.

"நீ எங்கே போறே?"

"சும்மா படுக்க. எனக்கும்தான் ஆறு நாள் பள்ளிக்கூடமே காதுல கத்துது. இந்த வாரம் நான், அடுத்த வாரம் நீங்க. கோணியைக் கொடுங்க."

கொடுத்தார்.

"கட்டில்மேல துவைச்ச துணி கிடக்கு, பாதியில விட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டுக் கூரையைத் தாண்டி மறைந்தாள்.

துணி மலையாகக் கிடந்தது. பாதி மடித்த போர்வை ஒன்று உச்சியில். பதிவுக்காரர் அதை விரித்தார், புரட்டினார், நுனியைத் தேடினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, போர்வையை நாலா மடிக்கணுமா, எட்டாவா?"

இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ம்ஹூம். கீழேயிருந்து கூப்பிட்டால் அங்கே ஒன்றும் கேட்காது என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

எட்டாகவே மடித்து வைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தார்.