பனியில் பாஸான மெமரி

பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தால் அது நல்ல சாமான் என்று நம்புகிற ஆள் நான். பிரஷர் குக்கரிலிருந்து குளிர்ச்சட்டை வரை அப்படித்தான் வாங்கினேன். (குளிர்ச்சட்டையில் இருந்தது சைஸ் எண் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதை இப்போது அப்பா போட்டுக்கொள்கிறார்.) இதே நம்பிக்கையோடு கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கப் போய், என் அக்காவின் தொழிலுக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அக்கா கோமதி திரிங்காப் என்ற ஊரில் ஒரு பூப்பண்ணையில் ஆபீஸ் வேலை பார்த்தவள். அதை உதறிவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கக் கிளம்பினாள். முதல் ஆர்டரே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிராணி மகளின் கல்யாணம். கிராணி என்றால் தோட்ட ஆபீசில் வேலையாட்களுக்குப் பேர் போட்டுக் கணக்கு எழுதுகிறவர். அவருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் கேமரன் மலையில் கிடையாது. அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அக்கா பிழைத்துக்கொள்வாள். முகம் சுளித்தால் வேறு யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. காலையில் கோயிலில் நடக்கும் கல்யாணத்தை அன்று மாலையே விருந்து மண்டபத்தில் படமாகப் போட்டுக் காட்டுவதாக அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

“இது சரிப்படலன்னா பேசாம பண்ணைக்கே திரும்பிப் போயிடு. மேனேஜர் இன்னும் உன் எடத்துக்கு ஆள் போடல” என்றார் அப்பா. அக்கா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திரும்பிப் போகிற எண்ணமே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டுகிற பொறுப்பு என்னுடையது. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“எந்த மெமரி ஒத்துப்போகும்னு மதர்போர்டுக்காரனே லிஸ்ட் போட்டிருக்கான். அதுல ஒரு ஜோடி வாங்கிட்டு வா லா, போதும்.”

“லிஸ்ட்டெல்லாம் பயந்தவங்களுக்குக்கா” என்றேன்.

மலையிலிருந்து ஈப்போ நகரத்துக்கு இறங்கிப் போய்க் கடை கடையாக ஏறினேன். மெமரியில் இரண்டு எண் பார்க்க வேண்டும். ஒன்று அதன் வேகம், அது கூடுதலாக இருக்க வேண்டும். மற்றது, கேட்டதை எடுத்துக் கொடுக்க அது எவ்வளவு தாமதிக்கும் என்பது, அது குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நம்முடைய பிராசசர் தாங்குமா என்பது தனிக் கேள்வி. நான் முதல் எண்ணை மட்டும் பார்த்தேன். கடையிலேயே பெரிய எண் எதில் இருந்ததோ அதை எடுத்தேன். வானவில் விளக்கு வேறு எரிந்தது. (அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்.)

வீட்டுக்கு வந்ததும் ஓவர்கிளாக் செய்தேன். தயாரித்த கம்பெனி சொன்ன வேகத்தைத் தாண்டிப் பிராசசரையும் மெமரியையும் விரட்டுவதற்குப் பெயர் அது. விரட்டினால் சூடேறும், சூடேறினால் மெமரி உளறும். ஆனால் எங்கள் ஊரில் சூடு ஏது? கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைத்து இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். தேயிலைச் சரிவிலிருந்து பனி நேராக உள்ளே வந்தது. காலை முழுவதும் சோதனை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை.

அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். “ஏன்டா இப்படித் தொறந்து போட்டிருக்க? தேங்காண்ணெ பாட்டில்லயே கட்டியாப் போச்சு.”

“காத்தோட்டம்க்கா. டெஸ்ட் பாஸ்.”

“மண்டபத்துலயும் பாஸாவுமா?”

“மெமரிக்கு வீடென்ன, மண்டபமென்ன லா!”

கல்யாண நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. மலை ஏறி வந்த கார்கள் டவுன் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. கோயிலில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டித் திரும்ப முடியாது என்று, கம்ப்யூட்டரை மண்டபத்துக்கே தூக்கி வந்திருந்தோம். கிடைத்தது சமையல்கட்டை ஒட்டிய அறை. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய அண்டாவில் கோழிப் பிரட்டல் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டால் கை சுட்டது.

அக்கா காட்சிகளை வெட்டி முடித்தாள். எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கும் ரெண்டர் மட்டும் பாக்கி. ஓடவிட்டோம். பாதியில் திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் நின்றது. மறுபடி ஓடவிட்டோம். இந்த முறை அதற்கும் முன்பே நின்றது. அடுத்த முறை திரை கறுப்பாகி, வெகுநேரம் அப்படியே கிடந்தது. மனசுக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய் மட்டும், “சாஃப்ட்வேர் பிரச்சினைக்கா” என்றது.

கிராணி கதவைத் திறந்து தலையை நீட்டினார். பட்டு வேட்டி, நெற்றியில் பெரிய சந்தனம். “என்னம்மா, படம் ரெடியா? தைப்பிங்லேர்ந்து மாப்ள வீட்டாளுங்க வந்துட்டாங்க. எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், மானத்த வாங்கிடாத.”

“ஆயிட்டே இருக்குங்கய்யா” என்றாள் அக்கா. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “வீட்ல ஓடுனது இங்க ஏன்டா ஓடல?” என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வேகத்தைக் குறைத்து வைத்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் குறைத்தால் லிஸ்ட்டில் இருந்ததை வாங்கியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் வேகத்தை விட்டுவிட்டு, சூட்டைக் குறைக்க வழி தேடினேன். (அந்த வயதில் மூளை அப்படித்தான் ஓவர்கிளாக் ஆகியிருந்தது.)

வெளியே நல்ல மழை. வராந்தா முழுக்க விருந்தாளிகள் குடையும் கையுமாக நின்றார்கள். பின்வாசலில் ஒரு பூ லோரி நின்றது. மேடைக்குப் பூ இறக்கிவிட்டு, மிச்சப் பூவோடு கீழே இறங்கப் போகிற குளிர்பெட்டி லோரி. டிரைவர் மணி அண்ணன் எனக்குத் தெரிந்தவர்.

“அண்ணே, கொஞ்ச நேரம் உங்க லோரிக்குள்ள உக்காந்துக்கட்டா?”

“ஏன்ப்பா, வெளியவே குளிருதே?”

“எனக்கில்லண்ணே. கம்ப்யூட்டருக்கு வேர்க்குது.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “என்னமோ பண்ணு லா” என்று சாப்பிடப் போனார்.

“முடிச்சுக் கொண்டாறேன்க்கா” என்று கம்ப்யூட்டரையும் திரையையும் தூக்கிப்போய்ச் சாமந்திப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன். மண்டபத்திலிருந்து நீள வயர் இழுத்து, அது நுழைகிற அளவுக்கு மட்டும் கதவில் இடைவெளி விட்டேன். ஓடவிட்டேன். நிற்கவில்லை. பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. பல் தந்தியடித்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது வெளியே யாரோ, “எவன்டா இங்க வயர மாட்டி வச்சிருக்கான்?” என்றார்கள். அது மணி அண்ணன் குரல் இல்லை. வயர் சரக்கென்று உருவிக்கொண்டு போயிற்று. வானவில் விளக்கு அணைந்தது. கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. லோரி கிளம்பியது.

மணி அண்ணன் சாப்பிடப் போன நேரம், மாற்று டிரைவர் வந்து வண்டியை எடுத்துவிட்டார். இருட்டு, குளிர், பூ வாசம். எனக்குப் பாடை நினைப்புதான் வந்தது. போனில் சிக்னல் இல்லை. அக்கா எல்லார் முன்னாலும் வெறுங்கையோடு நிற்கப் போகிறாள் என்று நினைத்தபோது குளிரைவிட அதுதான் அதிகம் உறைத்தது. தகரத்தைக் கையாலும் காலாலும் அடித்தேன். நல்லவேளை, அந்தக் கார் நெரிசலில் லோரி மண்டபத்தை அடுத்த ஸ்ட்ராபெரிக் கடைகளைக்கூடத் தாண்டவில்லை.

மாற்று டிரைவர் கதவைத் திறந்தார். “அலாமாக்! பூவுக்குள்ள யார்றா நீ?”

பதில் சொல்ல நேரமில்லை. மழையில் நனையாமலிருக்க, பெட்டியோரம் கிடந்த பூங்கொத்து சுற்றும் மினுமினுப்புத் தாளைக் கம்ப்யூட்டர் மேல் சுற்றினேன். திரையை அங்கேயே விட்டுவிட்டு அதை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். கார்களுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

மண்டப வாசலை நெருங்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்காவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனால், மண்டபத்துப் பெரிய திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வேறு வழியில்லாமல் கேமராவையே புரொஜெக்டரில் மாட்டி, வெட்டாமல் ஒட்டாமல் எடுத்ததை எடுத்தபடியே போட்டிருந்தாள். மந்திரத்துக்கு நடுவே மாப்பிள்ளை கொட்டாவி விடுகிறார். மணப்பெண் தோழியிடம் கண்ணாலேயே தண்ணீர் கேட்கிறாள். தூணுக்குப் பின்னால் கிராணி அவசரமாக வேட்டியை இறுக்குகிறார். மண்டபமே சிரித்து உருண்டது. கிராணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவை நோக்கி நடந்தேன். தலையெல்லாம் சாமந்தி இதழ், கையில் மினுமினுப்புத் தாள் சுற்றிய பெரிய பெட்டி. கிராணி என்னைப் பார்த்தார்.

“அடேயப்பா! இவ்ளோ பெரிய பரிசா? எதுக்குப்பா இதெல்லாம்!”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என்னை மேடை ஏற்றிவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். “போட்டோ, போட்டோ” என்றார் கிராணி. நான் அக்காவைப் பார்த்தேன். ‘எல்லார் முன்னாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுத் தொலைக்காதே’ என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். பிறகு கேமராவைத் தூக்கினாள். நான் சிரித்தேன்.

“அந்தக் கிராணி வீட்டுப் படம் மாதிரியே வேணும்” என்று கேட்டு அக்காவுக்கு ஆர்டர்கள் வந்தன. பண்ணைப் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தைப்பிங் போன கம்ப்யூட்டர் அந்த ஊர்ச் சூட்டில் அடிக்கடி நின்றதாம். மாப்பிள்ளை அக்காவுக்குப் போன் போட்டார். அவள் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அதிலிருந்து ஒழுங்காக ஓடுவதாகக் கேள்வி.

இன்றும் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால், அக்கா அதைப் பிரிப்பதற்கு முன்பே என் பக்கம் திரும்பிவிடுவாள்.

“வா, சாப்புடு, வாழ்த்திட்டுப் போ. ஆனா கைய வீசிக்கிட்டு வா.”