நான் குளத்தில் தாழ்த்திய மோட்டார் சைக்கிள்

எங்கள் ஊரில் கடலில் படகைத் தாழவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. காற்று, நீரோட்டம், தலைவிதி என்று ஏதாவது சொல்லிவிட்டு மறுநாள் தொழிலுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளைத் தாழவிட்ட ஆள் முல்லைத்தீவுக் கரையிலேயே நான் ஒருத்திதான். அதுவும் கடலில்கூட இல்லை, வவுனியாவில், முக்கால்வாசி வற்றிப்போன ஒரு குளத்தில்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. காலையில் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும் ஜெசி ரீச்சர். பின்னேரங்களில் என்னைப் பற்றி எனக்கு வேறொரு அபிப்பிராயம் இருந்தது. (அந்த அபிப்பிராயம் ஊரில் வேறு யாருக்கும் இருக்கவில்லை.)

எல்லாம் அப்பா ஒரு பழைய படகு எஞ்சினைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்த அந்த மோட்டார் சைக்கிளால் வந்தது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. வேகமாக ஓடுவதற்குச் செய்த வண்டி அல்ல. கல், மேடு, பள்ளம், சேறு எல்லாவற்றிலும் ஆறுதலாக ஏறி இறங்க வேண்டும், ஓட்டுகிறவர் இருக்காமல் நின்றபடியே ஓட வேண்டும், காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. அப்படியான போட்டிக்கென்றே செய்தது. அதனால் இருக்கை என்ற பெயரில் அரை இறாத்தல் பாணைவிடச் சிறியதாக ஒன்று இருந்தது. பின்னால் ஆள் ஏற வழியே இல்லை.

"மீன் பெட்டி கட்ட இடமில்லாமல் ஆரப்பா உதைச் செய்தவன்?" என்று அப்பா கேட்டார். கடல்தொழில் செய்கிற மனிதர். மோட்டார் சைக்கிள் என்பது மீன் பெட்டிக்குக் கீழே இருக்கிற சாமான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் அதில் கயிறு கட்டிப் படகைக் கரைக்கு இழுத்துப் பார்த்தார். படகு அசையவில்லை, செயின் அறுந்தது. அன்றிலிருந்து அது தென்னைமரத்தடியில் நின்றது. கோழிகள் ஏறிப் படுத்தன.

கோழிகளுக்கு அடுத்தபடியாக அதில் ஏறியது நான். அண்ணாவைக் கெஞ்சிப் புதுச் செயின் போடுவித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் பாறை பாறையாக ஏறுவதைப் போனில் பார்த்து, கடற்கரையில் படகு உருட்டுகிற பனங்குற்றிகளுக்கு மேலால் ஓடிப் பழகினேன். விழுந்தாலும் மணல். ஆகவே எனக்குப் பயமும் வரவில்லை, புத்தியும் வரவில்லை. வவுனியாவில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு அப்படியொரு போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் யாரையும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அதே கிழமை வவுனியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்கள் வளவுக்கு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழற்றிப் பாகம் பாகமாக விற்கத் தனக்கு வேண்டும் என்றார். அப்பா ஓம் என்றுவிட்டார். நான் குசினிக்குள் இருந்து அழுதேன், சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். (மத்தியானம் மட்டும். இரவு இடியப்பமும் மீன்சொதியும்.) அம்மாவும் என் பக்கம் சேர்ந்ததும் அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரி பிள்ளை. அந்தப் போட்டியில காலை ஊண்டாமல் ஓடிக் காட்டு, உது உனக்கு. காலை ஊண்டினியோ, அண்டைக்கே முதலாளி லொறியில ஏத்திக்கொண்டு போவார். பிறகு என்னோட கதைக்கக் கூடாது."

முதலாளியும் சம்மதித்தார். அவர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, லொறியை நிச்சயம் கொண்டுவருவேன் என்றார்.

வண்டியைப் போட்டிக்குத் தயாராக்கும் பொறுப்பும் செயின் போட்ட அதே யூட் அண்ணாவிடம் போனது. அவர் எங்கள் கரையில் பெயர்பெற்ற படகு எஞ்சின் மெக்கானிக்.

"அண்ணா, செயின் போட்டது சரி. உங்களுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வேலை தெரியுமோ?"

"எஞ்சின் எண்டா எல்லாம் ஒண்டுதான். ஒண்டு தண்ணியில போகும், மற்றது தரையில போகும்."

நியாயமாகச் சொல்ல வேண்டும், சில வேலைகள் சரியாகவே நடந்தன. அடைத்துப்போயிருந்த காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். செயின் ஓடுகிற முன் பற்சில்லை மாற்றிச் சிறியது போட்டதால் வண்டி ஆள் நடக்கிற வேகத்திலும் திக்காமல் இழுத்தது. ரயர்களில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். மணலில் ஓடுகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை அது. பாறைக்கும் அதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

பின் மட்காட் துருப்பிடித்து உக்கிப்போயிருந்தது. அண்ணா பைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற கையால் புதிய மட்காட் ஒன்று செய்தார். படகுக்குப் போலவே படைமேல் படையாக. படகுக்குப் போலவே உள்ளே, மீன் பெட்டி செய்கிற பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் வைத்து அடைத்தார்.

"உள்ளுக்கு ஏன் அண்ணா றெஜிபோம்?"

"கவிண்டாலும் தாழாது."

"உது தரையில ஓடுறது."

"அதுக்கு?" என்றார்.

பிறகு படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற். மட்காட்டின் மேல் வெள்ளை எழுத்தில் "புனித அந்தோனியார் துணை". கடைசியாக எண்ணெய். எங்கள் படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அண்ணா பழக்கதோஷத்தில் பெற்றோலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, எஞ்சின் ஒயிலையும் தாராளமாக ஊற்றினார். ஸ்ராட் பண்ணியதும் வந்த புகையில் பக்கத்து வளவே மறைந்தது. அங்கே இருந்த அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நுளம்புத் தொல்லை இனி இல்லை என்று எங்களுக்கு நன்றி சொன்னா. இப்படியான போட்டிக்குப் போகிறவர்கள் வண்டியில் உள்ளதைக் கழற்றிக் கழற்றிப் பாரம் குறைப்பார்களாம். நாங்கள் அதைக் கடலில் இறக்குவதை மட்டும்தான் பாக்கி வைத்திருந்தோம்.

போட்டியன்று எங்கள் ஆட்கள் ஒரு வாடகை வான் நிறைய வந்தார்கள். குளத்தின் வற்றிய பக்கம் முழுக்கக் கல்லும் வெடித்த சேறும். புதியவர்களுக்கு இரண்டு தடங்கள். கயிறு கட்டிய எல்லைக்குள் ஓட வேண்டும். ஒருதரம் கால் ஊன்றினால் ஒரு புள்ளி, விழுந்தால் ஐந்து, ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. முதலாளி சொன்னபடியே லொறியை மரநிழலில் பின்பக்கமாக நிறுத்தி, கதவையும் திறந்து வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஹெல்மெற்றை மாட்டினேன்.

முதல் தடம் பாறைகளுக்கு மேலால். நான் ஏறினேன், வண்டி ஏறியது, புகையும் கூடவே ஏறியது. பாதியில் எனக்கு முன்சில்லே தெரியவில்லை. நடுவர் வவுனியாப் பெடியன் ஒருவர், கொடியால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே கூட ஓடிவந்தார். புகை கலைந்தபோது நான் மறுபக்கத்தில் நின்றிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"எத்தினை தம்பி பிள்ளைக்கு?" என்று அப்பா கேட்டார்.

"சைபர் ஐயா."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "சைபரோ? கடும் கஷ்டப்பட்டுத்தானே ஓடினவள். கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ தம்பி."

இங்கே சைபர்தான் நல்லது என்று நடுவர் விளங்கப்படுத்திய பிறகு அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளி லொறிக் கதவைப் பார்த்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது அந்த நேரத்தில்தான். போட்டியில் கெட்டுப்போகத் தலைக்கனம் ஒன்றே போதும், எனக்கு அதோடு பக்தியும் இருந்தது.

இரண்டாவது தடம் குளக்கட்டின் சரிவில். மேலே ஒடுங்கிய பாதை, கீழே மிச்சமிருந்த தண்ணீர். நன்றாகவே போனேன். கட்டின் வளைவில் திரும்பினேன். அங்கே ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் சுருவம், கையில் குழந்தை யேசுவோடு.

எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கு, சுருவத்தைக் கடந்து போகும்போது கை தானாக எழும்பும். பஸ்ஸில் நித்திரையில் இருந்தாலும் எழும்பும். நினைத்துச் செய்கிற காரியமே அல்ல. அக்சிலேற்றர் இருப்பது வலது கையில், சிலுவை அடையாளம் போடுவதும் அதே கையால் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. நெற்றிக்கு ஹெல்மெற்றைத் தொட்டேன். நெஞ்சைத் தொட்டபோது எஞ்சின் நின்றது. இடது தோளைத் தொட்டபோது வண்டி சரிந்தது. வலது தோளைத் தண்ணீருக்குள் தொட்டேன். (தொடங்கிய செபத்தை இடையில் விடக் கூடாது என்று மறைக்கல்வியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.)

தலைகீழாகப் போய்ச் சேற்றில் குத்தி நின்றேனாம். யாரோ இழுத்து வெளியே எடுத்தபோது, மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் முழுதாகத் தாழ்ந்துவிட்டது. அண்ணாவின் மட்காட் மட்டும் கழன்று, "புனித அந்தோனியார் துணை" மேலே தெரிய, அழகாக மிதந்துகொண்டிருந்தது. அண்ணா கரையில் நின்று, "நான் சொன்னனான்தானே" என்றார்.

அடுத்து எங்கள் ஆட்களை யாராலும் மறிக்க முடியவில்லை. தாழ்ந்த சாமானைக் கண்டால் அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. மாமா ஒருவர் முங்கிக் கயிறு கட்டினார். வானில் வந்த அத்தனை பேரும் இரண்டு வரிசையாக நின்று, கரைவலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாவைப் பாடிப் பாடி இழுத்தார்கள். போட்டிக்கு வந்த சனம் போட்டியை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்று போனில் படம் எடுத்தது. நான் சேறு வழிய நின்று அழுதேன். வெட்கத்துக்கு அழவில்லை. அந்த வண்டி இனி எனக்கில்லை என்று அழுதேன்.

வண்டி கரைக்கு வந்ததும் முதலாளி கிட்ட வந்தார். "அப்ப ஏத்துவமோ?"

அப்பா இடுப்பில் நனைந்திருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு நடுவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, என்ர பிள்ளை காலை ஊண்டினவளோ?"

"ஐயா, அவா விழுந்திட்டா. ஐஞ்சு புள்ளி. தோத்திட்டா."

"தோத்தது எனக்குத் தெரியும். நான் அதைக் கேக்கேல்லை. கால் நிலத்தில முட்டினதோ?"

நடுவர் யோசித்தார். நேர்மையான பெடியன். "இல்லை ஐயா. கால் ரெண்டும் மேலதான் நிண்டது."

"கேட்டியளோ முதலாளி? ஊண்டேல்லை," என்றார் அப்பா. "சைக்கிள் பிள்ளைக்கு."

முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லொறிக் கதவை மூடினார். நான் அப்பாவைக் கட்டிப்பிடித்து அவர் போட்டிருந்த நல்ல சேட்டையும் சேறாக்கினேன். அந்த மனிதர் என்மேல் இவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

வண்டி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மட்காட் இல்லாமல், சுத்தமான பெற்றோலில் ஓடுகிறது. ஆனால் அன்றிலிருந்து, நான் எதை ஓட்டினாலும் கோயிலடி வந்தால் சிலுவை போட வீட்டில் எனக்குத் தடையுத்தரவு. ஸ்கூட்டியில் பின்னால் இருக்கிற ஆள் உடனே சொல்லும், "நீ ரெண்டு கையாலயும் பிடி, உனக்கும் சேர்த்து நான் போடுறன்." அம்மா சொல்லுவா, அண்ணா சொல்லுவார், அண்ணாவின் ஐந்து வயது மகள்கூடச் சொல்லுவாள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். பூசை தொடங்க, பாதர் "பிதா, சுதன்" என்று ஆரம்பித்தார், கோயில் முழுக்கக் கைகள் எழும்பின, நானும் கையை எடுத்தேன். பின்னுக்கு இருந்து யூட் அண்ணா மெல்லமாக, "ஜெசி, நீ விடு, அப்பா போடுவார்" என்றார். முன்வரிசை முழுக்கக் குலுங்கியது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாம் தரம் போட்டுக்கொண்டிருந்தார்.