ரோலர் பக்கத்தில் நான்

ஆபீஸ் சுவரில் தொங்குவது என்று முடிவெடுத்தேன். பயப்படாதீர்கள், படமாகத்தான்.

இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் புதுத் தேயிலை பெக்டரி எழும்பிவிட்டது. பழையதை இடிக்குமுன் உள்ளே ஒரு படம் எடுத்து மாட்ட வேண்டும் என்று தோட்டத்துத் துரை தன் கமராவை பெக்டரி கிளாக்கரான என்னிடம் தந்தார். பிலிம் சுருளில் மிச்சம் ஒரே படம். அதில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் பக்கத்தில் நானும் நின்றுவிட்டால், எனக்குப் பின் வரும் கிளாக்கர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தானே வேலை செய்ய வேண்டும்?

கமராவின் விசையைத் தூக்கி இறக்க ஓர் ஆள் தேவை. மனைவி பூரணியைக் கூப்பிட்டேன்.

"என்னையும் ஒரு ஓரத்துல போடுங்க. திருச்சியில அம்மா என் மூஞ்சியப் பாத்து எத்தனை வருஷமாச்சு. ஒண்ணு அனுப்பலாம்."

"பெக்டரி படத்துல பொம்பளைக்கு என்ன வேலை?"

"கொழுந்து பூரா பொம்பளைங்கதானே எடுக்குறாங்க?"

"அது வெளியில. இது உள்ளே."

உள்ளே குகை இருட்டு. கமராவைத் தேயிலைப் பெட்டிமேல் வைத்துப் பாடம் நடத்தினேன்.

"இந்த விசையத் தூக்கினா கண்ணு திறக்கும், இறக்கினா மூடும். இந்த இருட்டுக்கு ரொம்ப நேரம் திறந்தே கிடக்கணும். ஆடாம இருக்கிறது படத்துல விழும். நடமாடுறது விழாது. புரிஞ்சுதா?"

"எனக்கு எங்கங்க புரியப் போவுது."

போட்டிருந்த கோட்டைத் தட்டினேன். ரோலரைத் துடைத்தேன். இடப்பக்கம் நின்று பார்த்தேன், வலப்பக்கம் நின்று பார்த்தேன். பூரணி ரோலரை ஒட்டிக் கிடந்த பெட்டியில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன?"

"கால் வலிக்குதுங்க. நீங்க தயாராகுங்க."

அப்புறம் பேச்சில்லை, அசைவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி இருந்ததே இல்லை. இருட்டுக்குப் பயந்துவிட்டாள் என்று இரக்கப்பட்டுக்கொண்டே தலை சீவினேன்.

ஒருவழியாக எழுந்து கமராவிடம் போனாள். "இப்ப ஆடாம நில்லுங்க."

மூச்சடக்கித் தூணாக நின்றேன். கால் மரத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை.

"போதுங்க."

ஹட்டன் ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது. ரோலர் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பூரணி, மூக்குத்தி உட்பட. என்னைக் காணோம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் இல்லை.

"நான் நின்னேனே?"

"நின்னீங்க."

"அப்ப கமரா?"

"நீங்க கோட்டைத் தட்டும்போதே திறந்துட்டேன். எந்திரிச்சு வந்ததும் மூடிட்டேன். அப்புறந்தான் உங்கள நிக்கச் சொன்னேன்."

"பின்னே எதுக்கு நிக்கச் சொன்னே?"

"ஆசையா கோட்டு போட்டு வந்தீங்களே, பாவம்."

துரைக்குப் படம் பிடித்துவிட்டது. அதையே மாட்டச் சொன்னார். மாட்டுமுன் உற்றுப் பார்த்தால் ரோலர் ஓரத்தில் புகைபோல ஓர் அழுக்கு. விரலால் துடைக்கப் போனேன்.

"துடைக்காதீங்க," என்றாள் பூரணி. "அதுதான் நீங்க."