ஸ்பிங்க்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்

ஸ்பிங்க்ஸைப் பார்த்து யாராவது, “ஏம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்பார்களா? என் மனைவி கேட்டாள். அதுவும் நாலு பேர் முன்னால்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எனக்கு எடை மேடையில் வேலை. லாரி ஏறும், எடை பார்ப்பேன். நான் தலையாட்டினால்தான் தடுப்புக் கட்டை மேலே போகும். மலை மாதிரி லாரியை ஓட்டி வருகிறவனும் என் ஜன்னலுக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வீட்டில்? என் செருப்பை நான் எங்கே விடுவது என்பதைக்கூட இன்னொருவர் முடிவு செய்கிறார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை ஆரம்பித்தேன். மாயாஜால உலகம். நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, “நான் இதைச் செய்கிறேன்” என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். எங்கள் தெருக் குழாய் ரிப்பேர்க்காரர்தான் மந்திரவாதி. மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், வாள் வீரன். மிச்சம் எல்லாம் நான். ராஜா நான், பூதம் நான், இடி மின்னலும் நான். நான் ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னதுதான், மாற்றக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விளையாட மேசை வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே மேசை. அவளுக்கும் அதுதான் வேண்டுமாம், துணி வெட்ட. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். மற்ற நாளில் வெட்டக் கூடாதா? கேட்டால், “பாப்பா கத்தரிக்கோலைப் பிடுங்கறா. ஞாயிற்றுக்கிழமைதான் நீங்க வீட்ல இருக்கீங்க, அவளை வச்சுக்குவீங்க” என்பாள். எனக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாள் அது!

அன்றைக்கும் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

“என்னங்க, மேசை.”

“முக்கியமான கட்டத்துல இருக்கோம்.”

“மூணு வாரமா அதே கட்டத்துலதான் இருக்கீங்க.”

“ஸ்பிங்க்ஸ் விட மாட்டேங்குது அக்கா” என்றான் மச்சான், வாத்தியாரிடம் கோள் சொல்கிற குரலில்.

ஸ்பிங்க்ஸ் என் தலைசிறந்த படைப்பு. சிங்க உடம்பு, பெண் தலை, கழுகுச் சிறகு. பொற்கதவுக்கு முன்னால் உட்கார்ந்து விடுகதை போடும். விடை சொன்னால்தான் கதவு திறக்கும். லாரிகளுக்கு நடுவே யோசித்து யோசித்து உருவாக்கிய விடுகதை! ஒருவராலும் முடியவில்லை. குழாய்க்காரர் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: “வாஷர் தேஞ்சிருக்கும் சார்.”

அந்த நேரத்தில்தான் என் மூளையில் மின்னலடித்தது. அடித்திருக்கக் கூடாது.

“சரி, நீயே விளையாடு. ஸ்பிங்க்ஸைத் தாண்டி உள்ளே போயிட்டா ஞாயிற்றுக்கிழமை மேசை உனக்கு. முடியலைன்னா இனிமே மேசைப் பேச்சே எடுக்கக் கூடாது.”

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே.”

தெரியாது என்பதால்தானே கூப்பிட்டேன்!

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ யாரா வர்றே? மந்திரக்காரியா, வில்லாளியா?”

“நான் நானாவே வர்றேன். கையில குழந்தையோட.”

“ஸ்பிங்க்ஸ் முன்னாடி கைக்குழந்தையோடவா?”

“வீட்ல விட்டுட்டு வந்தா யார் பாத்துக்குவா? நீங்கதான் ஸ்பிங்க்ஸா இருக்கீங்களே.”

குழாய்க்காரர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடமா இது?

தோளை அகட்டினேன். குரலைத் தாழ்த்தினேன். “மானிடப் பதரே! என் விடுகதைக்கு...”

“இருங்க. தலை பொம்பளைத் தலைதானே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அப்ப பேசிக்கலாம்.” நேரே என் முகத்தைப் பார்த்தாள். “ஏம்மா, சாப்பிட்டியா?”

ரத்தம் குடிக்கும் பிராணியை! எதிர்வீட்டுக்காரியைக் கேட்கிற மாதிரி!

“பதில் சொல்லுங்க மாமா” என்றான் மச்சான். “யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் உண்டு ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன!” என்று உறுமினேன். பயமுறுத்தத்தான் சொன்னேன்.

“ஐயோ பாவம்” என்றார் குழாய்க்காரர்.

“யாரு உன்னை இங்க உட்கார வச்சது?” என்று தொடர்ந்தாள் அவள்.

“மாபெரும் சூனியக்காரன் ஒருவன்!”

“அவன் இப்ப எங்க?”

“இறந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன!”

“அப்புறம் யாருக்குடி காவல் காக்கறே?”

‘டி’ போட்டுவிட்டாள். என் ஸ்பிங்க்ஸை!

“உள்ள என்ன இருக்குன்னாவது ஒரு தடவை போய்ப் பாத்தியா?”

“இ... இல்லை.”

“எழுந்திரும்மா. சிறகு இருக்கு, வீட்டுக்குப் போ. போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கு. வாசலை நான் பாத்துக்கறேன்.”

“அதெல்லாம் போகாது!” என்று என் சொந்தக் குரலிலேயே கத்தினேன்.

“பகடையைப் போடு அக்கா. இருபது விழுந்தா எது கேட்டாலும் நடக்கும்.”

அதுவும் நான் போட்ட சட்டம்தான். அவள் பகடையை எடுத்தாள். பாப்பா அதைப் பிடுங்கினாள். வாயில் போட்டாள். கடித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை, துப்பினாள். பகடை மேசையில் எச்சிலோடு உருண்டு நின்றது.

இருபது.

“துப்பினது செல்லாது!”

“கையாலதான் போடணும்னு சட்டம் இல்லையே மாமா.”

வேறு வழியில்லை. நானே சொன்னேன், என் வாயாலேயே. ஸ்பிங்க்ஸ் எழுந்தது. சோம்பல் முறித்தது. சிறகை விரித்துப் பறந்துவிட்டது. “எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்று குழாய்க்காரர் மூக்கை உறிஞ்சினார்.

அவள் துணியை எடுக்க எழுந்தாள்.

“இரு, இரு! விடுகதைக்கு விடை சொல்லாம உள்ளே போக முடியாது!”

“சொல்றேனே. யாரு கேக்கப் போறா?”

விடுகதை எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

“கதவைத் திறந்தாச்சு. உள்ள என்னங்க இருக்கு?”

என் முன்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். பொற்கதவு வரைக்கும் ஒவ்வொரு கல்லும் வரைந்திருந்தேன். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். எவனாவது உள்ளே போவான் என்று நினைத்திருந்தால் அல்லவா வரைந்திருப்பேன்?

“ஒண்ணுமே இல்லையா மாமா?” மச்சானின் குரல் உடைந்தது. “மூணு வாரம்!”

அவன் பார்வையில் துரோகி நானாம்! அவள் அந்த வெள்ளை இடத்தில் சட்டைக் கை அளவை வரைந்து, அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு உரிமைக் குரல் எழுப்புவது என்று கிளம்பினேன். மேசை நிறையத் துணி. மச்சான் ஒரு ஓரத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். குழாய்க்காரர் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“இது அநியாயம். எனக்கும் ஒரு வாய்ப்பு வேணும்!”

“தாராளமா” என்றாள், கத்தரிக்கோலை நிறுத்தாமல். “ஒரே கேள்வி. சரியாச் சொல்லிட்டா மேசை உங்களுக்கு. நம்ம பாப்பாவுக்கு இப்ப எத்தனை பல்லு?”

இது ஒரு கேள்வியா? பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? கோபமாகப் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அவள் என் மடியில்தான் இருந்தாள். நேரம் பார்த்து, எண்ணிவிடலாம் என்று வாய்க்குள் விரலை விட்டேன்.

எத்தனை என்று இன்னும் தெரியவில்லை. எல்லாம் நல்ல கூர்மை என்பது மட்டும் தெரிந்தது.