மீன் லொறியில் வந்த கோப்ரல்

மன்னார்த் தீவில் கழுதைகள்கூடக் கோப்ரலைக் கண்டால் ரோட்டை விட்டு ஒதுங்கும். ஒதுங்கத் தெரியாமல் அவர் முன்னால் போய் நின்ற ஒரே பிராணி நான். அவருடைய மகளைக் கட்டினேன்.

பேசாலை ஊரில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. சண்டை தொடங்க முன்னமே பட்டாளத்திலிருந்து இளைப்பாறியவர். வீரக்கதை கேட்கப் போனவர்கள் ஏமாந்துதான் திரும்பினார்கள்.

"எத்தனை பேரைச் சுட்டனீங்கள், கோப்ரல்?"

"கோழியைத்தான் சுட்டனான். நான் குசினிக் கோப்ரல்."

சண்டைக் காலத்தில் இரண்டு பக்கமும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. இரண்டு பக்கத்துக்கும் அதே கோழியைத்தான் சொன்னாராம்.

பெண் பார்க்கப் போன அன்று என்னை எழுப்பி நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன வேலை?"

"அரசாங்கக் கச்சேரியில கிளாக்."

"ஓடுவீங்களோ?"

"பஸ்ஸுக்கு ஓடுவன்."

"ஓடி பஸ்ஸைப் பிடிச்சிருக்கிறீங்களோ?"

"இல்லை."

உள்ளே நின்ற மகள் பக்கம் திரும்பி, "றீற்றா, இவர் பொய் சொல்லமாட்டார். அது காணும்" என்றார். என் கல்யாணத் தகுதி அவ்வளவுதான்.

றீற்றாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால் இரண்டாவதுக்கு மாதம் நெருங்கியதும் கோப்ரல் எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்தார். சாப்பாடும் சுடுதண்ணியும் மாமி. றீற்றாவுக்குக் கோப்ரலே பொறுப்பு. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு உடுப்புப் பையைத் தந்தார்.

"பையைத் தூக்கிறது, ஓட்டோவில ஏறுறது. வேற ஒண்டும் நீங்கள் யோசிக்கக்கூடாது."

நான் யோசிக்கவே இல்லை. ஒரு மாரிமழைப் பின்னேரம், உள்ளே றீற்றா "ஐயோ, அம்மா!" என்றதும் பையைத் தூக்கினேன். கோப்ரல் கூப்பிட்டு வாசலில் வந்து நின்ற ஓட்டோவில் ஏறினேன். "விடுங்கோ அண்ணை, விடுங்கோ!" என்று கத்தினேன். நான் கத்திய கத்தில், பிள்ளை பின்னாலேயே பிறந்துவிடும் என்று பயந்த சாரதி திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டார்.

மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி ஓடிவந்தார்.

"எங்க பிள்ளைத்தாச்சி?"

திரும்பிப் பார்த்தேன். பை இருந்தது.

ஓட்டோவும் போய்விட்டது. போனை வீட்டிலேயே விட்டிருந்தேன். இந்த மழைக்குள் பேசாலையில் அவர்களுக்கு வேறு வாகனம் அகப்படுமா? போன முறை றீற்றா வெறுங்கையோடு வீடு திரும்பியது கண்ணுக்குள் வந்தது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசாலைப் பக்கமாக ஓடத் தொடங்கினேன். எதிரே ஹோர்ன் அடித்தபடி ஒரு மீன் லொறி. முன் சீற்றில் றீற்றாவை அணைத்துப் பிடித்தபடி கோப்ரல். பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் மாமி. லொறி எனக்காக நிற்கவில்லை. நான்தான் திரும்பி அதன் பின்னால் ஓடினேன்.

றீற்றாவை உள்ளே கொண்டுபோனார்கள். போட்டிருந்த சேட்டெல்லாம் மீன் செதிலோடு கோப்ரல் என் முன்னால் வந்து நின்றார். சுட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"பை எங்க?"

"இந்தாங்கோ மாமா."

வாங்கப் பார்த்தார். பையின் ஒரு காது அவர் கைக்குப் போனது; மற்றதை நான் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தோம். உள்ளே பிள்ளை அழும்வரை அப்படியேதான். பெண் பிள்ளை.

நான் தனியாக ஓட்டோவில் பறந்ததைத் தெருவே பார்த்திருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் சிரிக்கத் தயாராகத்தான் வந்தார்கள்.

"மருமோன் ஏன் தனியப் போனவர்?"

"நான்தான் அனுப்பினனான்," என்றார் கோப்ரல், கண் வெட்டாமல். "கட்டில் ஒழுங்கு செய்ய ஒராள் முன்னுக்குப் போகவேணும். பட்டாளத்தில அப்பிடித்தான்."

ஞானஸ்நானத்திலும் அதையே சொன்னார். மகள் வளர்ந்து கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்குள் கதையும் நன்றாக வளர்ந்துவிட்டது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டொக்டரை நான் கையோடு இழுத்துவந்ததாகவும் சேர்ந்திருந்தது.

போன வருசம் அவரை அடக்கம் செய்தோம். சேமக்காலையில் ஆள் மாறி ஆள் வந்து என் கையைப் பிடித்தார்கள். "அண்டைக்கு நீங்கள் முன்னுக்குப் போகாட்டி என்ன நடந்திருக்கும்! கோப்ரல் எப்பவும் சொல்லுவார்."

ஓம் என்று தலையாட்டினேன். மறுத்திருந்தால் மாமா பொய் சொன்னவராகிவிடுவார்.